பெருக்கினால் மட்டும் பெரிதாகி விடுமா?

– இறுதியாண்டு மாணவன், இயந்திரவியல் துறை

ஆண்டு மலர் கைக்கு வந்ததும் முதலில் குரூப் போட்டோவில் தன் முகத்தைத் தேடுவது, பிறகு கவிதைப் பக்கத்தில் யார் யாரை நினைத்து எழுதியிருக்கிறார்கள் என்று துப்பறிவது... இதுதானே நம் வழக்கம்? கட்டுரை வந்தால் இரண்டு பக்கத்தைச் சேர்த்துப் புரட்டி விடுவோம். இந்த ஒரு தடவை கொஞ்சம் பொறுத்துக் கொள்ளுங்கள் நண்பர்களே. சொல்ல வந்த விஷயம் பொம்மையைப் பற்றியது.

ஆமாம், பொம்மைதான். ஐந்தாறு அங்குலப் பொம்மையைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, ஆள் உயரத்துக்கு இழுத்து, அப்படியே செய்து நிறுத்துகிற ஆசை இப்போது நம் ஹாஸ்டலில் அம்மை மாதிரி பரவியிருக்கிறது. ஆண்டு விழா மேடைக்கு, டிபார்ட்மென்ட் கண்காட்சிக்கு, ஏன், இறுதியாண்டு ப்ராஜெக்ட்டுக்கே கூட! சினிமாவில் வருகிற வாள், துப்பாக்கி, தலைக்கவசம், விண்கலம் எல்லாவற்றுக்கும் சின்னதாக ஒரு மாடல் கடையில் கிடைக்கிறது. அதைச் சுற்றிச் சுற்றி செல்போனில் படமெடுத்துக் கொடுத்தால் மெஷ்ரூம் மாதிரி இலவச சாஃப்ட்வேர் முப்பரிமாண உருவமாக்கித் தருகிறது. பிளெண்டரில் ‘எஸ்’ எழுத்தைத் தட்டி 12 என்று அடித்தால் ஆறு அங்குலம் ஆறடி. “அவ்வளவுதான் மச்சி, வேலை முடிஞ்சுது” என்கிறான் பக்கத்து ரூம் நண்பன்.

முடியவில்லை என்பதுதான் என் கட்சி. சாஃப்ட்வேர் செய்தது ஒரு பெருக்கல், அவ்வளவே. அந்த எண்களுக்குப் பின்னால் எடை இருக்கிறது, பிடிக்கிற கை இருக்கிறது, பக்கத்தில் நிற்கிற ஆள் இருக்கிறான். இதெல்லாம் அதற்குத் தெரியாது. மூன்று வருடமாக டிராஃப்டரும் ஷீட் சுருளுமாக பஸ்ஸில் இடிபட்டு வந்த நமக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும். ஆகவே சின்ன மாடலை ‘ஸ்கேல்’ செய்து விட்டுக் கை கழுவாதீர்கள், அளந்து, யோசித்து, முழு அளவில் திரும்ப வரையுங்கள் என்று கேட்டுக் கொள்ளத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் எடைக் கணக்கு. நீளம் 12 மடங்கு ஆனால் பரப்பு 144 மடங்கு, கன அளவு 1,728 மடங்கு. இது எல்லோருக்கும் தெரியும். பரீட்சையில் எழுதுவோம், பட்டறையில் மறந்து விடுவோம்! கையில் இருப்பது 200 கிராம் எடையுள்ள கெட்டியான பொம்மை என்று வையுங்கள். அதே பொருளில் அப்படியே பெரிதாக்கினால் 345.6 கிலோ. கிட்டத்தட்ட ஏழு மூட்டை சிமெண்ட். மேடைக்கு யாரய்யா தூக்குவது? “உள்ளே கூடாகச் செய்வோம்” என்பீர்கள். சரி. பொம்மையின் சுவர் கனம் ஒன்றரை மில்லிமீட்டர் என்றால் பெரிதாக்கிய பின் அது 18 மில்லிமீட்டர். முக்கால் அங்குல பிளைவுட் மாதிரி சுவர், உடம்பு முழுக்க! சாஃப்ட்வேர் அதையும் சந்தோஷமாக வரைந்து காட்டும். அதற்கென்ன, தூக்கப் போவது அதுவா?

எடை கூடுவது மட்டும் அல்ல பிரச்னை. எடை 1,728 மடங்கு, அதைத் தாங்குகிற குறுக்கு வெட்டுப் பரப்போ 144 மடங்குதான். ஆகவே ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரும் முன்பை விடப் பன்னிரண்டு மடங்கு சுமக்கிறது. தன் எடையால் வருகிற தொய்வு 144 மடங்கு. பொம்மையின் கையில் நிமிர்ந்து நிற்கிற கொடிக்கம்பம் ஆறடி உருவத்தின் கையில் தலை குனிவது இதனால்தான். கலிலியோ 1638-ல் வெளியிட்ட ‘இரண்டு புதிய அறிவியல்கள்’ நூலே வெனிஸ் நகரக் கப்பல் பட்டறையைப் பற்றிய பேச்சோடுதான் தொடங்குகிறது. ஒரே மரம், ஒரே விகிதம் என்றாலும் பெரிய அமைப்பு சின்னதைப் போல உறுதியாக இருக்காது என்பது அங்கே வேலை செய்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஏன் என்பதைக் கணக்காக்கினார் கலிலியோ. பெரிய மிருகத்தின் எலும்பு நீளத்தில் மட்டும் வளர்ந்தால் போதாது, விகிதத்தை மீறித் தடிக்க வேண்டும் என்று படம் போட்டே காட்டினார். அதாவது உருவத்தை மாற்றாமல் அளவை மட்டும் மாற்ற முடியாது என்ற சங்கதி அச்சாகிக் கிட்டத்தட்ட நானூறு வருடம் ஆகப் போகிறது.

சரி, சினிமாக்காரர்கள் எப்படிச் சமாளித்தார்கள்? இந்த விஷயத்தில் எனக்குப் பிடித்த உதாரணம் ‘ஸ்டார் வார்ஸ்’ படங்களில் வரும் மில்லேனியம் ஃபால்கன் விண்கலம். 1977-ல் வந்த முதல் படத்துக்கு அமெரிக்காவில் ஐந்தடி மாடல் ஒன்று செய்தார்கள். அதன் மேலே தெரிகிற குழாய், பெட்டி, பல்சக்கரம் எல்லாம் கடையில் விற்கிற பிளாஸ்டிக் மாடல் கிட்டுகளிலிருந்து பிய்த்து ஒட்டியவை. டாங்கியின் பாகம் இங்கே, ரேஸ் காரின் பாகம் அங்கே. கேமராவுக்கு அது போதும். நடிகர்கள் பக்கத்தில் நிற்க வேண்டிய காட்சிகளுக்கு இங்கிலாந்தில் எல்ஸ்ட்ரீ ஸ்டூடியோவில் கப்பலின் பாதியை மட்டும் முழு அளவில் கட்டி ஒப்பேற்றினார்கள்.

1980-ல் வந்த இரண்டாவது படத்துக்குத்தான் கப்பல் முழுசாக வேண்டும் என்று ஆனது. வேல்ஸ் நாட்டில் பெம்ப்ரோக் டாக் என்ற துறைமுக ஊரில், பழைய விமானக் கொட்டகைக்குள், இரும்புச் சட்டம் அடித்து 1979-ல் கட்டினார்கள். குறுக்கே 70 அடி வாக்கில், எடை 20 டன்னுக்கு மேல். கட்டியவர்கள் சினிமாக் கலைஞர்கள் அல்ல, நம்மைப் போன்ற ஃபேப்ரிகேஷன் ஆட்கள்! இங்கே ஒரு சுவாரஸ்யம் கவனியுங்கள். முதல் படத்தில் அந்தக் கப்பலுக்குத் தரையில் நிற்க மூன்று கால். இரண்டாவது படத்தில் ஐந்து கால்! ஐந்தடி மாடலுக்கு மூன்று கால் தாராளம். 20 டன்னைத் தரையில் நிறுத்தும்போது கணக்கே வேறு. பின்னால் சின்ன மாடலையும் பெரியதற்கு ஏற்ப மாற்றினார்கள். குட்டியைப் பார்த்துத் தாய் செய்து, தாயைப் பார்த்துக் குட்டியைத் திருத்திய கதை.

இன்னொன்றும் உண்டு. அந்தக் கப்பலின் வெளி உருவத்துக்குள் படத்தில் காட்டுகிற உள் அறைகள் அடங்கவே அடங்காது. ரசிகர்கள் இத்தனை வருடமாக ஸ்கேலை வைத்துக்கொண்டு சண்டை போடுகிறார்கள். வெளியே மாடல் செய்தவர் கண்ணுக்கு எது அழகோ அதைச் செய்தார். உள்ளே செட் போட்டவர் நடிகரின் தலை இடிக்காமல் செய்தார். இரண்டு பேரும் அவரவர் வேலையைச் சரியாகத்தான் செய்தார்கள். இரண்டையும் ஒன்றாக்குகிற ஒரே எண் கிடையாது, அவ்வளவுதான். இப்படி ஒரு எண்ணைத் தேடித்தான் நம் ஆட்கள் பொம்மையைக் கையில் வைத்துக்கொண்டு கால்குலேட்டரைத் தட்டுகிறார்கள்.

பொம்மைகள் பொய் சொல்லும் நண்பர்களே! கெட்ட எண்ணத்தில் அல்ல, பிழைப்புக்காக. சின்ன வயதில் நாம் உருட்டிய மேட்ச்பாக்ஸ் வண்டிகளை நினைத்துப் பாருங்கள். காரும் ஏறக்குறைய அதே நீளம், பஸ்ஸும் ஏறக்குறைய அதே நீளம். இரண்டும் ஒரே அளவுப் பெட்டிக்குள் போக வேண்டுமே! ஆக, பெட்டிதான் ஸ்கேலைத் தீர்மானித்தது. கென்னர் கம்பெனி 1978-ல் விட்ட மூன்றே முக்கால் அங்குல ஸ்டார் வார்ஸ் பொம்மைகளில் வீரனின் ஒளிவாள் எங்கே இருந்தது தெரியுமா? கைக்குள்! கையில் காடி விட்டு, அதற்குள் பிளாஸ்டிக் குச்சியை வைத்து, தள்ளினால் வெளியே நீள்கிற மாதிரி செய்திருந்தார்கள். குழந்தைக்கு அது ஜோர். 18 மடங்கு ஆக்கினால் ஐந்தேமுக்கால் அடிக்குக் கொஞ்சம் குறைவாக ஓர் ஆள், கையில் பள்ளத்தோடு நிற்பான்.

இதை வேண்டுமென்றே செய்தவர்களும் உண்டு. அமெரிக்காவில் ஜென்டில் ஜயன்ட் என்ற நிறுவனம் அந்தப் பழைய பொம்மைகளையே ஸ்கேன் செய்து, கம்ப்யூட்டரில் பெரிதாக்கி, 12 அங்குலத்தில் விற்றது. விரல் பிரியாத கை, பட்டை முகம், எல்லாம் பழைய பொம்மை எப்படியோ அப்படியே. வாங்கியவர்கள் கேட்டதும் அதுதான், சின்ன வயசுப் பொம்மை பெரிதாக வேண்டும் என்று. நேர்மையான வியாபாரம். பெருக்கல் பட்டன் உண்மையிலேயே பொருத்தமாக வேலை செய்கிற இடம் அது ஒன்றுதான் என்பேன். பொம்மையைப் பெருக்கினால் பெரிய பொம்மை கிடைக்கும். நிஜப் பொருள் வேண்டுமென்றால் வேறு வழி போக வேண்டும்.

பொம்மை எந்தெந்த இடத்தில் பொய் சொல்கிறது என்று கண்டுபிடிப்பதில்தான் நம் பாடமெல்லாம் உதவுகிறது. அது அச்சில் வார்த்த பிளாஸ்டிக். ரொம்ப மெல்லியதாக வார்த்தால் பிளாஸ்டிக் அச்சுக்குள் ஓடாது, ஓடினாலும் குழந்தை கையில் உடையும். எனவே மெல்லியதாக இருக்க வேண்டியதெல்லாம் தடித்திருக்கும். அச்சிலிருந்து கழன்று வருவதற்காகச் செங்குத்துச் சுவர்களுக்கு ஒரு டிகிரியாவது சாய்வு கொடுத்திருப்பார்கள். 10 மில்லிமீட்டர் உயரத்துக்கு ஒரு டிகிரி என்றால் 0.17 மில்லிமீட்டர்தான், கண்ணுக்கே தெரியாது. 18 மடங்கில் அது 3 மில்லிமீட்டரைத் தாண்டும். பெட்டி கோணலாகத் தெரியும். மேலே பெயின்ட் 0.1 மில்லிமீட்டர் கனம் என்றால் பெரிதாக்கிய பின் கிட்டத்தட்ட 2 மில்லிமீட்டர். கூர்மையான ஓரமெல்லாம் தேய்ந்த சோப்புக் கட்டி மாதிரி ஆகியிருக்கும். அரை மில்லிமீட்டர் உருண்டையாக இருந்த போல்ட் தலை 9 மில்லிமீட்டர் உருண்டையாக நிற்கும், போல்ட்டாக ஆகாது. அதை அழித்துவிட்டு ஹார்டுவேர் கடையில் நிஜ போல்ட்டையே வாங்கி மாட்ட வேண்டியதுதான். கீலில் இருந்த 0.2 மில்லிமீட்டர் இடைவெளியும் பெருகிப் பெருகி லொடலொடக்கும். ஃபிட்டிங் ஷாப்பில் பைல் பிடித்தவன் எவனும் அதைப் பார்த்துச் சும்மா இருக்க மாட்டான்.

போன வருடம் வேறொரு கல்லூரியின் விழாவில் ஒரு சரித்திர நாடகம் பார்த்தேன். ராஜாவின் வாளைப் பொம்மையிலிருந்து ஸ்கேன் எடுத்துப் பன்னிரண்டு மடங்காக்கிச் செய்ததாகப் பெருமையோடு அறிவித்தார்கள். பொம்மையில் கைப்பிடி 5 மில்லிமீட்டர் இருந்திருக்கும், மேடையில் அது 60 மில்லிமீட்டர். ராஜா வாளை உருவவில்லை, இரண்டு கையாலும் உலக்கையை அணைப்பது மாதிரி அணைத்துக் கொண்டு வசனம் பேசினார். “அண்ணே, மாவு இடிக்கவா?” என்று பின் வரிசையிலிருந்து ஒரு குரல். அதற்குப் பிறகு நாடகம் எங்கே நடந்தது! பாவம், வசனம் எழுதியவர் எத்தனை இரவு கண் விழித்திருப்பாரோ. நம் கையில் அடங்குகிற தடி 30, 40 மில்லிமீட்டர் விட்டம்தான். பொம்மை எந்த ஸ்கேலில் இருந்தாலும் மனிதனின் உள்ளங்கை ஒரே ஸ்கேல்.

அனுபவப்பட்ட ப்ராப் ரசிகர்கள் இங்கே ஒரு தந்திரம் செய்கிறார்கள். அது நாம் கற்றுக்கொள்ள வேண்டிய தந்திரம். பொம்மையை அளப்பதற்கு முன்னால் அந்தப் பொருளின் ‘தாத்தா’ யார் என்று தேடுகிறார்கள். சினிமா ப்ராப்பர்ட்டிகளில் பாதி ஏதோ ஒரு நிஜப் பொருளிலிருந்து பிறந்தவைதானே? ஸ்டார் வார்ஸ் முதல் படத்தில் நாயகனின் ஒளிவாள் கைப்பிடி, கிராஃப்ளெக்ஸ் என்ற பழைய கேமரா ஃப்ளாஷின் கைப்பிடி. வெள்ளைக் கவச வீரர்களின் துப்பாக்கி, ஸ்டெர்லிங் என்ற பிரிட்டிஷ் துப்பாக்கியின் மேல் கட்டியது. ஃபால்கன் கப்பலின் மேலே ஒட்டிய துண்டுகள் எந்தக் கம்பெனியின் எந்தக் கிட்டின் எந்தப் பாகம் என்று ரசிகர்கள் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். வருடக்கணக்கான வேலை! பெயின்ட் ஏறி மழுங்கிப் போன மாடலை அளப்பதை விட, பெட்டி பிரிக்காத கிட்டை வாங்கி அதில் உள்ள கூர்மையான பாகத்தை அளந்து வரைவது எவ்வளவோ மேல் அல்லவா? தாத்தா கிடைத்துவிட்டால் பேரனை ஊதிப் பெரிதாக்க வேண்டியதே இல்லை.

சாஃப்ட்வேர் பக்கத்திலும் கொஞ்சம் பார்ப்போம். ஸ்கேன் செய்தாலும் டவுன்லோடு செய்தாலும் நமக்கு வருவது பெரும்பாலும் எஸ்.டி.எல். ஃபைல். 1987-ல் த்ரீடி சிஸ்டம்ஸ் நிறுவனம் கொண்டு வந்தது. அதற்குள் முக்கோணங்கள் மட்டும்தான் இருக்கும். மில்லிமீட்டரா, அங்குலமா என்பது கூட எழுதியிருக்காது! அங்குலத்தில் வரைந்ததை மில்லிமீட்டர் என்று எடுத்துக் கொண்டால் 25.4-ல் ஒரு பங்காகச் சுருங்கி வரும். செல்போன் படத்திலிருந்து செய்த உருவத்துக்கோ அளவே கிடையாது. பக்கத்தில் ஸ்டீல் ரூலை வைத்துப் படமெடுத்தால்தான் உண்டு. பொம்மை பளபளவென்று மின்னினால் ஸ்கேன் சொதப்பும். கொஞ்சம் குட்டிக்கூரா பவுடர் தூவினால் சரியாகும். முக்கோணச் சங்கதிக்கு வருவோம். 10 மில்லிமீட்டர் வட்டத்தை 32 பக்கமாக வெட்டியிருந்தால் ஒரு பக்கம் ஒரு மில்லிமீட்டர்கூட வராது, வட்டமாகத்தான் தெரியும். 18 மடங்கில் ஒவ்வொரு பக்கமும் பதினேழரை மில்லிமீட்டர். பென்சிலைச் சீவின மாதிரி பட்டை பட்டையாக நிற்கும். பெருக்கினால் முக்கோணம் பெரிதாகுமே ஒழிய, எண்ணிக்கையில் ஒன்று கூடக் கூடாது. இல்லாத விவரத்தை எங்கிருந்து கொண்டு வரும்?

கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் இதையெல்லாம் எப்படிச் செய்தார்கள் என்று யோசிக்கும்போது எனக்கு நம் ஊர் சினிமா பேனர் ஓவியர்கள்தான் ஞாபகத்துக்கு வருகிறார்கள். உள்ளங்கை அகல ஸ்டில் போட்டோவில் கட்டம் போடுவார்கள், பெரிய பலகையிலும் கட்டம் போடுவார்கள், கட்டத்துக்குக் கட்டம் பார்த்து நாற்பதடி கட்-அவுட் வரைவார்கள். ஆனால் போட்டோவில் இருந்ததை அப்படியே நகல் எடுத்தார்களா? இல்லை. ரோட்டில் நின்று அண்ணாந்து பார்க்கிறவன் கண்ணுக்கு எது தெரிய வேண்டுமோ அதைத் தடித்த கோட்டில் திரும்ப வரைந்தார்கள். பின்னால் சவுக்குக் கட்டைச் சாரம் எத்தனை, எங்கே முட்டுக் கொடுப்பது என்பது போட்டோவில் இல்லாத விஷயம். 2000-க்குப் பிறகு டிஜிட்டல் ஃப்ளெக்ஸ் வந்து அந்தத் தொழிலையே படுக்க வைத்தது. ஃப்ளெக்ஸ் வெறும் பெருக்கல். பக்கத்தில் போய்ப் பார்த்தால் முகம் புள்ளி புள்ளியாக உடைந்திருக்கும்.

நியூயார்க் சுதந்திர தேவி சிலையும் இதே மாதிரிதான். 1886-ல் திறந்தார்கள். சிற்பி பார்த்தோல்டி நாலடி உருவத்தில் தொடங்கி, படிப்படியாகப் பெரிதாக்கி, ஒவ்வொரு படியிலும் திருத்திக் கொண்டே போய், கடைசிப் படியில் துண்டு துண்டாக நான்கு மடங்கு ஆக்கி 46 மீட்டருக்குக் கொண்டு வந்தார். மேலே இருக்கிற செம்புத் தகடு எவ்வளவு கனம் தெரியுமா? 2.4 மில்லிமீட்டர்! அதை நிற்க வைப்பது ஈஃபில் தனியாக வடிவமைத்த உள் எலும்புக்கூடு. அந்த எலும்புக்கூடு சிற்பியின் நாலடி மாதிரியில் கிடையாது. எந்த ஸ்கேனரும் அதை அங்கிருந்து எடுத்திருக்க முடியாது.

மேடை அழகு போனால் போகட்டும், சிரித்துவிட்டுப் போய்விடலாம். ஆளுக்கு அடிபட்டால்? 2015-ல் வந்த ஸ்டார் வார்ஸ் படத்துக்கு ஃபால்கனை இங்கிலாந்தின் பைன்வுட் ஸ்டூடியோவில் திரும்பவும் முழு அளவில் கட்டினார்கள். பொம்மையில் விரலால் தள்ளினால் மூடுகிற கதவு, அங்கே ஹைட்ராலிக்கில் ஓடுகிற கனமான கதவு. 2014 ஜூன் மாதம் அந்தக் கதவு மூடிக் கொண்டதில் சிக்கி ஹாரிசன் ஃபோர்டின் கால் முறிந்தது. வழக்கு நடந்து, 2016 அக்டோபரில் ஃபூடில்ஸ் என்ற தயாரிப்பு நிறுவனத்துக்கு 16 லட்சம் பவுண்ட் அபராதம் விதித்தது நீதிமன்றம். கோடி கோடியாகப் பணமும், உலகத்தரமான ஆட்களும் இருந்த இடத்திலேயே இந்தக் கதி. நாம் செய்து வைக்கிற எட்டடி ரோபோவை நட்ட நடு மேடையில் நிறுத்தி, கீழே முதல் வரிசையில் முதல்வர் சாரையும் சிறப்பு விருந்தினரையும் உட்கார வைக்கிறோம்! அதன் ஈர்ப்பு மையம் எங்கே விழுகிறது என்று யாராவது பார்த்தோமா?

“இவன் பழைய பஞ்சாங்கம்டா, கம்ப்யூட்டரே வேண்டாம்கிறான்” என்று சிலர் முணுமுணுப்பது கேட்கிறது. ஐயா, நான் அப்படிச் சொல்லவே இல்லை. அந்த ஈர்ப்பு மையத்தைக் கண்டுபிடிக்கச் சிறந்த வழியே சாஃப்ட்வேர்தான். பொருளின் அடர்த்தியைக் கொடுத்தால் எடை, ஈர்ப்பு மையம் எல்லாம் நொடியில் சொல்லும். கத்தி வைக்கும் முன்பே சொல்லும்! பெப்பகுரா என்ற ஜப்பானிய சாஃப்ட்வேர் முப்பரிமாண உருவத்தைப் பிரித்துக் காகித வெட்டு வரைபடமாக விரிக்கிறது. தலைக்கவசம் செய்கிறவர்களுக்கு அது வரப்பிரசாதம். நாம் ஷீட் மெட்டலில் டெவலப்மென்ட் வரைந்து முதுகு ஒடிந்த வேலையை அது செய்து தருகிறது. தாராளமாகப் பயன்படுத்துவோம். அதே ஆட்டோகேடில் ‘ரெஃபரன்ஸ்’ என்று ஒரு வசதி இருக்கிறதே, மாடலில் இந்த நீளம் நிஜத்தில் இவ்வளவு என்று சொல்லிப் பெரிதாக்குவது, அதை வைத்து உயரத்தில் ஒரு தடவை, அகலத்தில் ஒரு தடவை, கைப்பிடியில் ஒரு தடவை கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்றுக்கும் மூன்று வேறு எண் வரும். அந்த மூன்று எண்ணும் ஒத்துப் போகாமல் நிற்கிற இடத்தில்தான் உங்கள் ப்ராஜெக்ட் இருக்கிறது.

ஆனால் நடப்பது என்ன? ரெடிமேடாக ப்ராஜெக்ட் வாங்குகிற பழக்கத்தைத் திட்டித் தீர்க்கிறோம். இலவசமாக டவுன்லோடு செய்து, ஒரு எண்ணைத் தட்டி, பிரிண்ட் எடுத்து, ரிப்போர்ட்டில் ‘டிசைன்டு பை’ என்று நாலு பேர் பெயர் போடுவது மட்டும் என்ன ஒழுக்கம்? வைவாவில் எக்ஸ்டர்னல் சார் ரொம்பக் கேட்க மாட்டார். “இந்த இடத்துல கனம் ஏம்ப்பா 18 மில்லிமீட்டர்?” என்று ஒன்றே ஒன்று கேட்பார். “கம்ப்யூட்டர்ல அப்படி வந்துது சார்” என்கிற பதிலை நாமே ஏதாவது கம்பெனியில் இன்டர்வியூ போர்டில் உட்கார்ந்திருந்தால் ஏற்றுக் கொள்வோமா? பட்டனைத் தட்டுவதற்கு மூன்று வருடப் படிப்பு வேண்டாமே, ஒரு வாரப் பயிற்சி கொடுத்தால் யார் வேண்டுமானாலும் தட்டுவார்கள். அந்த 18-ஐ 3 ஆக்கி, உள்ளே சட்டம் எங்கே போடுவது என்று சொல்கிறவனுக்குத்தான் சம்பளம். நம் அப்பா அம்மா கடன் வாங்கிக் கட்டின ஃபீஸும் அதற்குத்தான்.

இந்த வருடம் பேரவையின் கோரிக்கைப் பட்டியலில் முதல் இடம் பெரிய த்ரீடி பிரிண்டருக்கு என்று கேள்விப்பட்டேன். வரட்டும், வேண்டாமென்று சொல்ல நான் யார்? அதோடு இரண்டு வரி சேர்த்துக் கொள்ளுங்கள் என்பதே என் விண்ணப்பம். ஒன்று, மெட்ராலஜி லேபில் பூட்டி வைத்திருக்கிற வெர்னியரையும் ரேடியஸ் கேஜையும் ப்ராஜெக்ட் செய்கிற பேட்சுகளுக்குக் கையெழுத்து வாங்கிக் கொண்டு சாயங்காலம் ஆறு மணி வரை தர வேண்டும். இரண்டாவது, சின்ன மாடலிலிருந்து எது செய்தாலும் ஒரு ஏ-2 ஷீட்டாவது கூடவே வைக்க வேண்டும் என்று துறைத்தலைவர் சாரிடம் கேட்போம். அந்த ஷீட்டில் இடது பக்கம் மாடலின் அளவு, வலது பக்கம் முழு அளவில் நாம் தீர்மானித்த அளவு, நடுவில் எதை ஏன் மாற்றினோம் என்று ஒரு வரி. ரோபோவுக்கு மட்டும் கூடுதலாக ஒரு எண், மொத்த எடை எத்தனை கிலோ என்று. மேடையில் தூக்கி வைக்கப் போகிற என்.எஸ்.எஸ். நண்பர்கள் அதை முன்கூட்டியே தெரிந்து கொள்ளட்டும்.